ரீஃப் டேங்க்ல அயிப்டேசியா, மஜானோ தொல்லையா? அறிகுறியைப் பார்த்து எதை விடணும்னு முடிவு பண்ணுங்க

ரீஃப் டேங்க்ல, அதாவது பவளம் வளர்க்கிற கடல் தண்ணி தொட்டியில, பாறை இடுக்குல பழுப்பு கலர்ல குட்டியா ஒரு பூ மாதிரி ஆடிட்டு இருக்கும், முதல் நாள் பார்க்கிறப்போ புதுசா ஏதோ உயிர் வந்திருக்கேன்னு சந்தோஷமாத்தான் இருக்கும், ரெண்டு மாசம் கழிச்சு டார்ச் அடிச்சு எண்ணினா முப்பது இருக்கும். அயிப்டேசியாங்கிற அனிமோன் (பூ மாதிரி தெரியிற, கொட்டுற கடல் உயிர்) அப்படித்தான் வரும். அதுக்கு என்ன பண்றதுன்னு யார் கேட்டாலும் "பெப்பர்மிண்ட் ஷ்ரிம்ப் விடுங்க"ன்னு ஒரே பதில்தான் கிடைக்குது, அது அயிப்டேசியாவைத் தின்கிற ஒரு சின்ன இறால். சில டேங்க்ல அது பிரமாதமா வேலை செய்யும், சில டேங்க்ல ஒரு மாற்றமும் இருக்காது, சில டேங்க்ல ஷ்ரிம்ப்பே மறுநாள் காணாம போயிடும். மூணுக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணம் டேங்க்குள்ளயே கண்ணுக்குத் தெரியும். கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் டேங்க் முன்னாடி உட்கார்ந்து எந்த வகை, எவ்ளோ பெருசு, எங்கெங்க இருக்கு, கூட யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. கீழ ஒவ்வொரு அறிகுறியா எழுதியிருக்கேன், உங்க டேங்க்ல நடக்கிறது எதுவோ அங்க நேரா போயிடுங்க.

அறிகுறி: ஏதோ முளைச்சிருக்கு, ஆனா அயிப்டேசியாவா வேற ஏதாவதான்னு தெரியல

ஒரு நீளமான பைப்பெட்டை எடுத்து மெதுவா கிட்ட கொண்டு போங்க. அயிப்டேசியான்னா நிழல் பட்டாலே சட்டுனு சுருங்கி ஓட்டைக்குள்ள போயிடும். தண்டு மெல்லிசா நீளமா இருக்கும், உடம்பு லேசா ஊடுருவித் தெரியிற பழுப்பு, டென்டக்கிள் (வாயைச் சுத்தி இருக்கிற விரல்கள்) எல்லாம் நுனி கூரா இருக்கும், நீளமான டென்டக்கிள்களுக்கு நடுவுல குட்டி குட்டியாவும் இருக்கும். இன்னும் கொஞ்சம் சீண்டினா உடம்புல இருந்து வெள்ளையா நூல் மாதிரி வெளிய தள்ளும், பக்கத்துல இருந்து பார்த்தா தையல் நூலை அவுத்து விட்ட மாதிரி சுருண்டு சுருண்டு மிதக்கும். அந்த நூல் முழுக்க கொட்டுற செல்லுங்க. பக்கத்துல இருக்கிற ஸோவா, ஹாமர் மாதிரி பவளம் காரணமே இல்லாம மூடியே கிடக்குதுன்னா அதோட அடிப்பக்கத்துல ஒரு அயிப்டேசியா ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க, நிறைய தடவை அங்கதான் இருக்கும்.

மஜானோவும் ஒரு தொல்லை அனிமோன்தான், ஆனா வேற மாதிரி. குட்டையா தடிமனா இருக்கும், டென்டக்கிள் நுனி உருண்டையா, பச்சையோ ரோஸோ கலந்து பார்க்க அழகா இருக்கும், சீண்டினாலும் அயிப்டேசியா அளவுக்கு வேகமா ஓடி ஒளியாது. குட்டி பபுள் டிப் அனிமோன் இலவசமா கிடைச்சிருச்சுன்னு நினைச்சு ஆசையா சோறு போட்டு வளர்த்தவங்களை எனக்குத் தெரியும். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா அயிப்டேசியாவைத் தின்கிற உயிரினங்கள்ல பாதி மஜானோவைத் திரும்பிக்கூட பார்க்காது.

இறகு மாதிரி விரிஞ்சு, சீண்டினா ஒரு குழாய்க்குள்ள போறது ஃபெதர் டஸ்டர் புழு. அதை அப்படியே விட்டுடுங்க, டேங்க்குக்கு நல்லதுதான்.

அறிகுறி: ஒண்ணைப் பிடுங்கினேன், அந்த இடத்துல அஞ்சு வந்திருச்சு

பிளேடு, ட்வீசர், டூத்பிரஷ் எல்லாத்தையும் முதல்ல கீழ வைங்க. அயிப்டேசியா பெருகுறதே அடிப்பாதத்துல இருந்து துணுக்கு துணுக்கா பிரிஞ்சுதான், அது நகர்ந்து போறப்போ பாதத்துல ஒரு துளி சதை பாறையில ஒட்டிட்டு நின்னா போதும், அந்தத் துளி சில நாள்ல வாய், டென்டக்கிளோட முழு அனிமோனா ஆயிடும். நீங்க சுரண்டினீங்கன்னா அது மாசக்கணக்குல பண்ற வேலையை அஞ்சு நிமிஷத்துல அதுக்குப் பண்ணிக் குடுத்துட்டீங்கன்னு அர்த்தம், கூடவே பவர்ஹெட் (தண்ணியைச் சுழற்றுற பம்ப்) ஓடிட்டு இருந்தா துணுக்கெல்லாம் டேங்க் முழுக்க பரவிடும்.

மொத்தமே மூணு நாலுதான் இருக்கு, கை எட்டுற இடத்துலதான் இருக்குன்னா இதுக்குன்னு ஒரு உயிரை வாங்கவே வேண்டாம், கால்க்வாஸர் பவுடரே (கால்சியம் ஹைட்ராக்சைடு, சுருக்கமா கால்க்) போதும். ஆர்.ஓ. தண்ணி கொஞ்சம் விட்டு இட்லி மாவை விட கொஞ்சம் கெட்டியா குழைச்சு சிரிஞ்ச்ல எடுத்துக்கோங்க, பம்ப் எல்லாத்தையும் நிறுத்துங்க, அது விரிஞ்சு இருக்கிறப்போ தொடாம மேல இருந்து வாய் மேல மெதுவா மூடுற மாதிரி விடுங்க, 15 நிமிஷம் கழிச்சு பம்ப்பை ஆன் பண்ணுங்க. அதோட பி.ஹெச். 12க்கு மேல போகும், அதனாலதான் அனிமோன் வெந்து போகுது, அதே காரணத்துக்காகத்தான் ஒரே நாள்ல இருபதுக்கு அடிக்கக் கூடாதுன்னு சொல்றேன், டேங்க் பி.ஹெச். ஏறிடும். நாலு நாலா பண்ணுங்க. கையுறை, கண்ணாடி போட்டுக்கோங்க.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. அயிப்டேசியா இருக்கிற பாறையை வெளிய எடுத்து கொதிக்க வெச்சிடலாம்னு சில பேர் சொல்றாங்க. பாறையில ஸோவாவோ பாலித்தோவாவோ ஒட்டியிருந்தா அதுல பாலிடாக்சின்னு ஒரு கொடிய விஷம் இருக்கலாம், கொதிக்கிறப்போ ஆவியோட கலந்து வீட்ல இருக்கிற எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போற நிலைமை ஆகியிருக்கு, வெளிநாடுகள்ல நிஜமாவே நடந்தது இது. பாறையை வேக வைக்கவே வேண்டாம். வெளிய எடுத்து வெச்சு, மாசக்கணக்குல தானா நல்லா காய விட்டாலே போதும்.

அறிகுறி: குட்டி குட்டியா நிறைய இருக்கு, ஒண்ணும் ஒரு செ.மீ. தாண்டல

பெப்பர்மிண்ட் ஷ்ரிம்ப்புக்கு ஏத்த நிலைமை இதுதான். அது சின்ன அனிமோனைத்தான் விரும்பித் தின்னும், பெருசா வளர்ந்து நிற்கிறது கிட்ட போய் கொட்டு வாங்க அதுக்கு இஷ்டம் இருக்காது. 200 லிட்டர் டேங்க்குக்கு மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் விடலாம், தனியா ஒண்ணு விட்டா ஒளிஞ்சே இருக்கும். ஜோடி தேடி அலைய வேண்டாம், எல்லாமே ஆணா ஆரம்பிச்சு வளர்ந்ததும் ரெண்டு வேலையும் செய்யக் கூடியதா மாறிடும், எந்த ரெண்டை விட்டாலும் வயித்துல பச்சையா முட்டை தெரியும்.

வாங்கிற இடத்துலதான் பிரச்சனையே. பெப்பர்மிண்ட்ன்னு ஒரே பேர்ல விக்கிறது ஒரே இனம் கிடையாது, லிஸ்மாட்டா வுர்டெமன்னின்னு முன்னாடி ஒரே பேர் வெச்சிருந்த கூட்டத்தை 2006ல ஆராய்ச்சிக்காரங்க பிரிச்சுப் பார்த்து அதுக்குள்ள பல இனம் இருக்குன்னு எழுதினாங்க, ஃபுளோரிடாவுல இருந்து வர்றதுல பெரும்பாலும் லிஸ்மாட்டா போகெஸ்ஸி. நம்ம பக்கத்துக் கடல்ல இருந்து வர்ற சொந்தக்கார இனங்களும் இதே பேர்ல கடைக்கு வருது, அயிப்டேசியா மேல எல்லாத்துக்கும் ஒரே ஆர்வம் இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அது கூட பரவாயில்லை, கேமல் ஷ்ரிம்ப்பை பெப்பர்மிண்ட்ன்னு குடுத்துடுவாங்க பாருங்க, அதுதான் ஆபத்து. எனக்கும் ஒரு கடையில மூணு அப்படி வந்துச்சு, ரெண்டு வாரத்துல ஒரு ஸோவா காலனி பாதியா குறைஞ்சு போச்சு, ராத்திரி பார்த்தப்போதான் மூணும் அது மேல உட்கார்ந்து பிய்ச்சுத் தின்னுட்டு இருந்துச்சு.

கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. பெப்பர்மிண்ட் உடம்பு கண்ணாடி மாதிரி லேசான ரோஸ், சிவப்புக் கோடு மட்டும்தான் ஓடும். கேமல் ஷ்ரிம்ப்புல சிவப்போட வெள்ளைக் கோடும் புள்ளியும் சேர்ந்து இருக்கும், கண்ணு பெருசு, முதுகு கூன் விழுந்த மாதிரி, மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கிற கொம்பு மேல கீழ அசையும். வெள்ளை தெரிஞ்சா வாங்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் சொட்டு சொட்டா டேங்க் தண்ணி விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல பழக்குங்க, உப்பு அளவு டக்குனு மாறினா ஷ்ரிம்ப் தாங்காது. மீனுக்கு காப்பர் மருந்து போட்ட டேங்க்குன்னா அதுல விடவே விடாதீங்க.

அறிகுறி: ஷ்ரிம்ப் விட்டு மூணு வாரம் ஆச்சு, ஒண்ணு கூட குறையல

நீங்க மீனுக்கு எவ்ளோ போடுறீங்கன்னு பாருங்க. தினமும் ரெண்டு வேளை மைசிஸ் (இறால் மாதிரி குட்டி உயிர், உறைய வெச்ச மீன் தீனி) போட்டு அது பாதி அடியில போய் கிடக்குதுன்னா ஷ்ரிம்ப்புக்கு அதுதான் விருந்து, கொட்டுற அனிமோனைக் கடிக்க அதுக்கு என்ன தலையெழுத்து. அதே மிச்சத்தைத்தான் அயிப்டேசியாவும் தின்னு பெருகுது, ஒரே தப்பு ரெண்டு பக்கமும் வேலை செய்யுது. மீன் ரெண்டு நிமிஷத்துல முடிக்கிற அளவு மட்டும் போடுங்க, உறைஞ்ச சாப்பாட்டைக் கழுவிட்டுப் போடுங்க, ராத்திரி லைட் ஆஃப் ஆன பிறகு எதுவும் போடாதீங்க. இப்படி ரெண்டு வாரம் இருந்தாலே மாற்றம் தெரியும்.

அப்படியும் குறையலைன்னா அளவைப் பாருங்க. ரெண்டு ரூபா காசு அளவுக்கு விரிஞ்சு நிற்கிறதை ஷ்ரிம்ப் தொடாது, அந்தப் பெருசுகளை மட்டும் கால்க் வெச்சு நீங்க முடிச்சுக் குடுங்க, சுத்தி வர்ற குட்டிகளை அது பார்த்துக்கும். இப்படி வேலையைப் பிரிச்சுக் குடுத்த டேங்க்லதான் பெப்பர்மிண்ட் ஜெயிச்சு நான் பார்த்திருக்கேன்.

அறிகுறி: ஷ்ரிம்ப்பே காணோம்

பயப்படுறதுக்கு முன்னாடி ராத்திரி லைட் அணைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சிவப்பு செலோஃபேன் சுத்தின டார்ச்சோட வந்து பாருங்க, பகல்ல அது பாறைக்கு அடியில தலைகீழா ஒட்டிட்டு இருக்கும். அடியில ஷ்ரிம்ப் மாதிரி ஒரு வெத்து ஓடு கிடந்தா அது சட்டை உரிச்சது, கண்ணாடி மாதிரி காலியா இருக்கும், செத்ததுன்னா உள்ள சதையோட வெளுத்துப் போய் மங்கலா இருக்கும். நிஜமாவே காணோம்னா கூட இருக்கிற மீன் யாருன்னு யோசிங்க. ஹாக்ஃபிஷ், ட்ரிகர், லயன்ஃபிஷ், பெரிய ராஸ் இதெல்லாம் இருக்கிற டேங்க்ல ஷ்ரிம்ப் வெறும் சாப்பாடுதான், அங்க இந்த வழியே வேண்டாம்.

அறிகுறி: எண்ண முடியாத அளவுக்கு இருக்கு, பாறை உள்பக்கம், பின் கண்ணாடி, எல்லா இடமும்

இந்த நிலைமைக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பதில் பெர்கியாதான். ரெண்டு செ.மீ. நீளம், ஓடு இல்லாத கடல் நத்தை, முதுகு முழுக்க மெல்லிசா விரல் விரலா நிற்கும். அயிப்டேசியா தவிர வேற எதையும் தின்னாது, அதனால உங்க பவளம், ஸோவா, கிளாம் எதுக்கும் ஆபத்து இல்லை. முன்னாடி பெர்கியா வெருகிகார்னிஸ்னு தப்பான பேர்ல வித்துட்டு இருந்தாங்க, 2005ல இதுக்குன்னு தனி இனப்பேர் குடுத்தாங்க, இப்போ பெர்கியா ஸ்டெஃபனியேன்னு சொல்றாங்க. பழைய பேர்ல விக்கிறவங்ககிட்ட இருக்கிறதும் இதுவேதான்.

இது சாப்பிடுறதை ஒரு தடவை பார்த்துட்டா மறக்க மாட்டீங்க. ராத்திரி ஒரு மணி இருக்கும், சிவப்பு வெளிச்சத்துல பின் கண்ணாடியில ஒரு நடுத்தர அயிப்டேசியாவை ஒண்ணு நெருங்குச்சு, முன்னாடி ரெண்டு கொம்பால தொட்டுப் பார்த்துச்சு, கொட்டு பட்டதும் முதுகு விரல் எல்லாம் சிலிர்த்துக்கிட்டு பின்வாங்கிச்சு, திரும்ப வந்து தண்டோட அடியில வாயை வெச்சு உறிஞ்ச ஆரம்பிச்சிருச்சு. பதினஞ்சு இருபது நிமிஷத்துல இன்னும் ரெண்டு வந்து சேர்ந்துச்சு, காலையில அந்த இடத்துல வழவழன்னு ஒரு தடம் மட்டும்தான். அனிமோனோட கொட்டுற செல்லை ஜீரணிக்காம அந்த முதுகு விரல் நுனியில சேர்த்து வெச்சு தன்னைக் காப்பாத்திக்க பயன்படுத்தும். தின்ன அனிமோனோட பழுப்பும் அந்த விரல்ல ஏறும், அதை வெச்சே அது சாப்பிடுதா பட்டினியான்னு சொல்லிடலாம், பழுப்பா இருந்தா வயிறு நிறைஞ்சிருக்கு, வெளுத்துப் போயிருந்தா சாப்பாடு கிடைக்கல.

விடுற முறைதான் பாதி வெற்றி. ஒண்ணு ரெண்டு விட்டா ஒண்ணை ஒண்ணு சந்திக்கவே சந்திக்காது, குறைஞ்சது அஞ்சாறு, பெரிய டேங்க்னா பத்துக்கு மேல, எல்லாத்தையும் ஒரே இடத்துல விடுங்க. ஒவ்வொண்ணும் ஆணும் பெண்ணுமா இருக்கிறதால எந்த ரெண்டு சேர்ந்தாலும் முட்டை வரும். லைட்டை அணைச்சு பம்ப்பை நிறுத்திட்டு, அகலமான பைப்பெட்ல மெதுவா எடுத்து அயிப்டேசியா நிறைய இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல பாறையில படுற மாதிரி விடுங்க, ஒட்டிக்கிச்சான்னு பார்த்துட்டு அரை மணி கழிச்சு பம்ப்பை ஆன் பண்ணுங்க. பெரிய அயிப்டேசியா வாய் மேல நேரா விழுந்துடக் கூடாது, பசியில இருக்கிற நோஞ்சான் பெர்கியாவை அது பிடிச்சுத் தின்னுடும். வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் உறிஞ்சுற வாய்க்கு ஸ்பாஞ்ச் கட்டுங்க.

முட்டை வெள்ளையா சுருள் சுருளா, முறுக்கு பிழிஞ்ச மாதிரி பாறையிலயும் கண்ணாடியிலயும் ஒட்டியிருக்கும். ஏதோ அழுக்குன்னு நினைச்சு மேக்னெட்டால தேய்ச்சுடாதீங்க. 26 டிகிரி சுத்தி வெச்சிருந்தா சுமார் ரெண்டு வாரத்துக்குள்ள பொரிக்கும், குட்டி கண்ணுக்கே தெரியாது, அது குட்டி அயிப்டேசியாவைத் தின்னு வளரும்.

அறிகுறி: பெர்கியா விட்டு ஒன்றரை மாசம், ஒண்ணுமே தெரியல

பொறுமையா இருங்க. விட்ட ஆறு பெர்கியாவும் பாறை உள்பக்கத்துல இருந்து தின்ன ஆரம்பிக்கும், நீங்க பார்க்கிற முன்பக்கத்துக்கு அதோட பேரப்பிள்ளைகள்தான் வந்து சேரும். ரெண்டுல இருந்து நாலு மாசம் வரைக்கும் ஆகலாம், அதுவரைக்கும் கால்க், வேற மருந்து எதையும் ஊத்தாதீங்க, அதோட சாப்பாட்டை நீங்களே அழிச்ச மாதிரி ஆயிடும். இதே காரணத்துக்காகத்தான் பத்து பதினஞ்சு அயிப்டேசியா மட்டும் இருக்கிற டேங்க்குக்கு பெர்கியா வேண்டாம்னு சொல்வேன், ஒரு வாரத்துல முடிச்சுட்டு பட்டினியில செத்துடும்.

நாலு மாசம் தாண்டியும் எதுவும் இல்லைன்னா யாரோ அதைத் தின்னுட்டு இருக்காங்க. முதல் சந்தேகம் சிக்ஸ்லைன் ராஸ் மேல, அப்புறம் மத்த ராஸ் வகை, ஆரோ கிராப், கோரல் பேண்டட் ஷ்ரிம்ப், அப்புறம் அதே பெப்பர்மிண்ட் ஷ்ரிம்ப். பெப்பர்மிண்ட்டும் பெர்கியாவும் ஒரே டேங்க்ல விட்டா ரெண்டு பக்கமும் இருந்து தாக்கலாம்னு நினைச்சு விடுறவங்க நிறைய, ஷ்ரிம்ப் அந்த முட்டைச் சுருளையும் குட்டிகளையும் விடாது. ரெண்டுல ஒண்ணுன்னு முடிவு பண்ணுங்க. ராஸ் இருக்கிற டேங்க்குன்னா அயிப்டேசியா ஒட்டின பாறை ஒண்ணை வெளிய எடுத்து, ஏர் ஸ்டோனும் ஹீட்டரும் போட்ட பத்து லிட்டர் தொட்டியில பெர்கியாவோட வெச்சு சுத்தம் பண்ணி, திரும்ப வெச்சு அடுத்த பாறையை எடுக்கலாம். மெதுவான வேலைதான், ஆனா நடக்கும்.

அறிகுறி: பெருசு பெருசா நிற்குது, ஷ்ரிம்ப் தொடல, பெர்கியா கிடைக்கல

அப்போ மீன். ரெண்டு பேர் முன்னாடி வருவாங்க, காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை, அப்புறம் பிரிசில்டெயில் ஃபைல்ஃபிஷ்.

காப்பர்பேண்டோட அந்த நீள மூக்கு இடுக்குல விட்டு இழுக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், அயிப்டேசியாவைப் பார்த்தா நல்லாவே வேலை பார்க்கும், ஆனா அயிப்டேசியாவுக்காக மட்டும் இந்த மீனை வாங்காதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன். 20 செ.மீ. வரைக்கும் வளரும், என் கணக்குல 450 லிட்டருக்குக் குறைஞ்ச டேங்க்ல அது நிம்மதியா இருக்காது. பிடிச்சு, அனுப்பி, கடைக்கு வர்றதுக்குள்ளயே நிறைய மீன் சாப்பிடுறதை நிறுத்திடுது, அப்படியே இளைச்சு செத்துப் போறதைப் பார்க்கிறது கொடுமை. கடையில உங்க கண்ணு முன்னாடி சாப்பாடு போடச் சொல்லுங்க, கொத்தித் தின்னாத்தான் காசைக் குடுங்க. கண்ணுக்கு மேல தலைப்பகுதி, முதுகு ஓரம் குழி விழுந்திருந்தா விட்டுடுங்க.

வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேங்குதுன்னா மட்டி வாங்கிட்டு வாங்க. மார்க்கெட்ல கிடைக்கிற மட்டியை ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்து, திறந்து, ஓட்டோட பாறை இடுக்குல சொருகி வைங்க. முதல் நாள் சுத்திச் சுத்தி வரும், ரெண்டாவது நாள் மூக்கை விட்டு ஒரு இழுப்பு இழுக்கும், அதுக்கப்புறம் கவலையில்லை. மட்டிக்குப் பழகினதும் நறுக்கின மட்டியோட மைசிஸ் கலந்து போட்டு மெதுவா மாத்துங்க. ஃபெதர் டஸ்டர் புழு எல்லாத்தையும் இது காலி பண்ணிடும், சில மீன் ஆகான் மாதிரி சதைப்பத்தான பவளத்தையும் கொத்தும், அதைத் தெரிஞ்சுதான் விடணும்.

ஃபைல்ஃபிஷ் 12 செ.மீ. வரைக்கும்தான் வளரும், சின்ன டேங்க்குக்கு இதுதான் பொருத்தம். சுத்தி இருக்கிற பாறை, பாசிக்கு ஏத்த மாதிரி கலர் மாத்திக்கிட்டு தலைகீழா மிதந்துட்டு இருக்கும், பார்க்கவே ஆசையா இருக்கும். சாப்பாட்டுக்கும் அடம் பிடிக்காது. டேங்க்லயே பிறந்து வளர்ந்த குட்டி கிடைச்சா அதையே வாங்குங்க. ரக்கூன் பட்டர்ஃபிளையும் அயிப்டேசியா தின்னும், ஆனா பவளத்தையும் சேர்த்துத் தின்னும், அது மீன் மட்டும் இருக்கிற டேங்க்குக்குத்தான்.

அறிகுறி: ஃபைல்ஃபிஷ் அயிப்டேசியாவை முடிச்சுட்டு ஸோவாவை ஆரம்பிச்சிருச்சு

நடக்கும். ஒரே இனத்துல ஒண்ணு ஒரு ஸோவாவையும் தொடாது, இன்னொண்ணு மொத்தக் காலனியையும் மேயும். தினமும் மூணு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பாருங்க, பசி அடங்கினா பல மீன் நிறுத்திடும். நிறுத்தலைன்னா சம்ப்லயோ (டேங்க்குக்கு அடியில இருக்கிற வடிகட்டித் தொட்டி) ரெஃபியூஜியத்துலயோ (பாசி வளர்க்கிற தனித் தொட்டி) இடம் குடுங்க, அங்க அதுக்கு வேலை இருக்கும். இதனாலதான் எந்த மீனை விடுறதுக்கு முன்னாடியும், வெளிய எடுக்கணும்னா எப்படிப் பிடிப்பேன்னு யோசிச்சு ஒரு பொறியைத் தயாரா வைங்கன்னு சொல்றது.

அறிகுறி: இருக்கிறது மஜானோ

பெர்கியா தொடாது. பெப்பர்மிண்ட் பெரும்பாலும் தொடாது. சில ஃபைல்ஃபிஷ், சில பட்டர்ஃபிளை கடிக்கும், அதை நம்பி மீன் வாங்க முடியாது. மஜானோவுக்கு கையால பண்றதுதான் வழி. அது ஓடி ஒளியாதுங்கிறதால கால்க் வைக்கிறது சுலபம், நிறைய இருக்கிற பாறையை வெளிய எடுத்து, அது ஒட்டியிருக்கிற பாறைத் துண்டோட சேர்த்து உளியால உடைச்சு எடுத்துடுங்க. பாதத்தை மட்டும் பிய்க்கப் பார்த்தா மிச்சம் நின்னுடும். கண்ணு கிட்ட தெறிக்காம பார்த்துக்கோங்க.

அறிகுறி: டேங்க் சுத்தமாச்சு, ஆனா மாசா மாசம் ரெண்டு மூணு திரும்ப வருது

சம்ப் கதவைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ள, குழாய் வளைவுல, ஸ்கிம்மர் அடியில, ரிட்டர்ன் நாசில் உள்ள. அங்க இருக்கிறது பழுப்பா இருக்காது, வெள்ளையா, கண்ணாடி மாதிரி இருக்கும், அதனாலயே கண்ணுல படாது. பழுப்புக் கலர் வர்றது அதோட உடம்புக்குள்ள வாழுற பாசியால, இருட்டுல அந்தப் பாசி போயிடும், ஆனா அனிமோன் சாகாது, தண்ணியில வர்ற சாப்பாட்டை வெச்சே வாழும். பவளத்துக்கு பாசி போனா பெரும்பாலும் உயிர் போற கதைதான், இது மட்டும் தாங்குது. அதனாலதான் பவளம் ஏன் வெளுக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க லேப்ல அயிப்டேசியாவை வளர்க்கிறாங்க, 2015ல இதோட மரபணு வரிசையையே முழுசா வெளியிட்டாங்க. நம்மைத் தூங்க விடாத அதே உயிர்தான், அதோட உறுதியைத்தான் அங்க படிச்சுட்டு இருக்காங்க.

சம்ப்ல மீன் இல்லை, ராஸ் இல்லை, பெர்கியாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ரிட்டர்ன் பம்ப்புக்கு ஸ்பாஞ்ச் கட்டிட்டு அங்க ரெண்டு மூணு விடுங்க. பெப்பர்மிண்ட்டையும் சம்ப்ல விடலாம், ஆனா மறுபடியும் சொல்றேன், ரெண்டையும் சேர்த்து வேண்டாம். ஓவர்ஃப்ளோ பெட்டியைத் தண்ணி வடிச்சு கையால சுத்தம் பண்ணுங்க.

சம்ப்லயும் இல்லைன்னா வாசலைப் பாருங்க, புதுசா வாங்கின ஃப்ராக்லதான் (வெட்டி விக்கிற பவளத் துண்டு) வருது. கோரல் டிப்ல (பவளத்தைச் சுத்தம் பண்ற மருந்துத் தண்ணி) முக்கினா அயிப்டேசியா செத்துடும்னு நம்பாதீங்க, சுருங்கி உட்கார்ந்துட்டு அப்புறம் நிதானமா எழுந்திரிக்கும். ஃப்ராக் ஒட்டியிருக்கிற பிளக்கை (அடிக்கட்டை) உடைச்சுப் போட்டுட்டு புது பிளக்ல ஒட்டுங்க, ஒரு மாசம் தனி டேங்க்ல வெச்சுப் பாருங்க. பாறையும் அப்படித்தான், காய்ஞ்ச பாறையில ஆரம்பிச்சா இந்தத் தலைவலியே பாதி இல்லை. தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை, மன்னார் வளைகுடாவுல இருந்து எடுத்த பாறைன்னு யாராவது குடுத்தா வாங்கவே வாங்காதீங்க. அது 21 தீவோட 1986ல அறிவிச்ச கடல் தேசியப் பூங்கா, கல் பவளம் எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, அந்தப் பாறை அங்கயே இருக்கட்டும்.

அறிகுறி: அயிப்டேசியா முழுசா போயிருச்சு, இப்போ பெர்கியா வெளுக்குது

மத்த எல்லாத்துக்கும் மாத்து சாப்பாடு உண்டு, ஷ்ரிம்ப் மிச்சம் மீதி தின்னும், மீனுக்கு மைசிஸ் போடலாம், பெர்கியாவுக்கு மட்டும் வேற எதுவும் கிடையாது. முதுகு விரல் வெளுக்க ஆரம்பிச்சதும் ராத்திரி ராத்திரி பார்த்துப் பிடிங்க, கண்ணாடியில ஏறுறதை அகலமான பைப்பெட்ல உறிஞ்சி ஒரு டப்பாவுல சேர்க்கலாம். முட்டைச் சுருள் இருந்தா பிளேடால மெதுவா கண்ணாடியோட ஒட்டி எடுத்து அதையும் சேர்த்துக்கோங்க.

சம்ப்ல ஒரு குட்டிப் பெட்டியில வேணும்னே பத்து அயிப்டேசியா வளர்த்து வெச்சிருக்கிறவங்களும் இருக்காங்க, அப்படி வெச்சா பெட்டித் தண்ணி டேங்க் பக்கமே போகக் கூடாது, கை விட்டா கழுவிட்டுத்தான் அடுத்த வேலை. எனக்கு அதைவிட அடுத்த ஆளுக்குக் குடுக்கிறதுதான் பிடிச்சிருக்கு. என்கிட்ட வந்த ஆறும் நாலு மாசத்துல முப்பதுக்கு மேல ஆச்சு, பதினஞ்சை ஒரு நண்பர் டேங்க்குக்குக் குடுத்தேன், அவர்கிட்ட இருந்து இன்னும் ரெண்டு பேர்கிட்ட போயிருக்கு. அரை லிட்டர் டப்பா, முக்கால்வாசி அதே டேங்க் தண்ணி, உள்ள அயிப்டேசியா ஒட்டின ஒரு சின்னக் கல்லு, மூடி மேல தேதி எழுதி வெயில் படாம எடுத்துட்டுப் போனா ஒரு நாள் வரைக்கும் தாங்கும்.